பெருசின் மேல் ஒரு பச்சைத் துண்டு

அந்த அம்மாவுக்குக் கரிநாக்கு என்று நான் நம்பினேன். சும்மா பேச்சுக்கு இல்லை, முழுசாக நம்பினேன். கம்ப்யூட்டர் மானிட்டருக்குப் பின்னால் ஓர் எலுமிச்சம்பழமும் நாலு பச்சை மிளகாயும் கட்டித் தொங்கவிடுகிற அளவுக்கு நம்பினேன். நான் பி.எஸ்சி. பிசிக்ஸ் படித்தவன் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் தெரிந்து யாரும் அதிர்ச்சி அடைய வேண்டாம்.

மணமேல்குடிப் பக்கம் கடலோரத்தில் இறாலை உறைய வைத்துக் கப்பலேற்றுகிற கம்பெனி ஒன்றில் கண்ட்ரோல் ரூம் எனக்கு. கண்ட்ரோல் ரூம் என்றதும் சுவர் முழுக்க விளக்குகள் மின்னும் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு மேஜை, ஒரு காத்தாடி, ஒரு பழைய கம்ப்யூட்டர், அதன் எதிரே நான். கம்ப்யூட்டருக்குப் 'பெருசு' என்று பெயர். பின்பக்கம் குடம் போலப் பிதுங்கிய மானிட்டர். ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்த பெட்டி, வெற்றிலை போடுகிறவர் பல் நிறத்துக்கு வந்திருந்தது. குளிர்விக்கும் மெஷின்களோடு சேர்ந்து வெளிநாட்டிலிருந்து வந்தது அது. செய்து கொடுத்த கம்பெனியே இப்போது இல்லை. இதற்குத் தெரிந்த மொழியில் அந்த மெஷின்களோடு பேச வேறு கம்ப்யூட்டரும் இல்லை. புதுசு போடுவதென்றால் பிளாண்ட்டை வாரக்கணக்கில் நிறுத்த வேண்டும். திருமயம் பக்கத்துக்காரரான எங்கள் முதலாளி சென்னையில் உட்கார்ந்துகொண்டு போனில் சொல்வார்: "ஓடுதுல்ல? ஓடட்டும்."

பெருசு என்ன வேலை செய்தது என்று சொல்லிவிட வேண்டும். குளிர்விப்பது அம்மோனியா வாயு. குழாய்க்குள் இருக்கிறவரை அது சொன்ன பேச்சைக் கேட்கும். கொஞ்சம் வெளியே வந்தால் கண் எரியும். நிறைய வந்தால் எரிகிறது என்று சொல்ல ஆள் இருக்காது. குழாயில் பிரஷர் ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பதும், ஏறினால் குழாயைத் தண்ணீர்விட்டு ஆற்ற இன்னொரு பம்ப்பைப் போடுவதும், அதற்கும் அடங்காவிட்டால் கம்ப்ரசரை நிறுத்துவதும் பெருசின் வேலை. பெருசைப் பார்த்துக்கொண்டே இருப்பது என் வேலை. கம்ப்ரசர் அறைக்கு அடுத்த சுவர், இறால் உரிக்கிற ஹால். சுற்றுவட்டாரத்து ஊர்களிலிருந்து வரும் அறுபது எழுபது பெண்கள் அங்கே நாள் முழுக்க நின்றபடி உரிப்பார்கள். அவர்களுக்கு சூப்பர்வைசர் என் மனைவி. ஆக, பெருசு ஒரு நாள் கண்ணை மூடினால் என் குடும்பத்தோடு சேர்த்து ஊரே மூச்சுமுட்டும்.

இப்படிப்பட்ட இடத்துக்கு வந்துதான் அந்த அம்மா, முதல் நாளே, உட்காருவதற்கு முன்பே கேட்டார்.

"இது செத்துப் போச்சுன்னா என்ன பண்ணுவீங்க சார்?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஏன் மேடம், காலங்காத்தால வந்து இப்படிக் கேக்குறீங்க?"

"சாயங்காலம் கேட்டா மட்டும் பதில் வச்சிருக்கீங்களா?"

இதுதான் அவர். மொத்த மனுஷியும் இந்த ஒரு கேள்விக்குள் அடக்கம்.

அறந்தாங்கியில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தவர். மாணவர்கள் வருவது நின்றுபோன பிறகும் பழைய பெட்டிகளைத் தூக்கிப் போடாமல் பின்கட்டு முழுக்க அடுக்கி வைத்திருந்தார். பெருசின் வயதுக்கு ஒத்த உதிரிபாகம் இந்தப் பக்கத்தில் வேறு எங்கும் கிடைக்காது என்பதால் மாதம் ஒருமுறை அவரை வரவழைப்பது ஏற்பாடு. நரைத்த கொண்டை, நூல் சேலை, வளையலில் ஒரு கொத்து சேஃப்டி பின். பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு ரெக்சின் பையோடு வருவார். பைக்குள் திருப்புளி செட், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் பென்சில் ரப்பர், பெருசின் உயிரை அப்படியே நகல் எடுத்த ஒரு ஹார்டு டிஸ்க். அது பிஸ்கட் டப்பாவுக்குள் பஞ்சு சுற்றிக் கிடக்கும். ரப்பர் எதற்கு என்று கேட்டேன். உள்ளே இருக்கும் மெமரி பட்டையைக் கழற்றி, அதன் பித்தளைப் பல்லை ரப்பரால் தேய்த்துக்கொண்டே, "உப்புக்காத்துல களிம்பு ஏறும் சார். ஒங்களுக்கும் ஏறியிருக்கு. ஆனா கழட்ட முடியாது" என்றார்.

வேலை முடிந்ததும் பையின் அடியிலிருந்து ஒரு பச்சைத் துண்டை எடுப்பார். உதறுவார். மானிட்டர் மேல் போட்டு மூடுவார்.

"இப்ப இது செத்துருச்சு. எந்திரிங்க."

அதாவது ஒத்திகை. பெருசு இல்லை, திரை இல்லை. இப்போது பிளாண்ட்டை எப்படி ஓட்டுவாய், எப்படி நிறுத்துவாய், ஆட்களை எப்படி வெளியேற்றுவாய்? நான் கம்ப்ரசர் அறைக்கு ஓடிச் சுவரில் இருக்கிற பிரஷர் கேஜில் முள்ளைப் பார்க்க வேண்டும். அவர் மணி அடிப்பார். என் மனைவி பெண்களை வெளியே அழைத்துப்போக வேண்டும்.

முதல் ஒத்திகையில் எல்லோரும் மேற்கே, கேட்டைத் தாண்டி ஓடினோம். ஏனென்றால் அங்கேதான் டீக்கடை இருக்கிறது. பயந்தாலும் சரி, சந்தோஷம் வந்தாலும் சரி, எங்களுக்குக் கால் போகிற திசை அதுதான். அவர் தலையில் அடித்துக்கொண்டார். "பகல்ல காத்து கடல்லேருந்து வருது. வாயு அங்கிட்டுதான் போகும். நீங்களும் அது கூடவே போயி டீ குடிக்கப் போறீங்களா?" அடுத்த முறை வரும்போது ஒரு பழைய சேலையைக் கிழித்து, கூரை மேல் கம்பில் கட்டிவைத்தார். துணி எந்தப் பக்கம் பறக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் ஓட வேண்டும். பெண்கள் நேரே கடற்கரை மணலுக்கு ஓடப் பழகினார்கள். கிலோ கணக்கில் கூலி என்பதால் ஓடும்போது அவரைத் திட்டிக்கொண்டே ஓடினார்கள். "இந்தம்மா வந்தாலே நம்ம பொழப்புல மண்ணு" என்று ஒருத்தி சத்தமாகவே சொன்னாள். "மண்ணுலதான் ஓடணும், செருப்பக் கழட்டிட்டு ஓடு" என்று அவரும் சத்தமாகவே பதில் சொன்னார்.

இதில் எனக்கென்று ஒரு தனிச் சலுகை இருந்தது. ஒத்திகையின் கடைசியில் கம்ப்ரசரை நிறுத்தும் சிவப்பு பட்டனை அமுக்க வேண்டும். காளான் மாதிரிக் குடை விரித்த பட்டன். ஆனால் அதை நிஜமாக அமுக்கினால் மெஷின் நின்று, திரும்ப ஓட்டிக் குளிரைப் பிடிக்க அரை நாள் ஆகிவிடும். அதனால் நான் அதன் மேல் விரலை வைத்து, 'அமுக்கியாச்சு!' என்று கத்தினால் போதும் என்று முடிவாயிற்று. அதை நான் அழகாகச் செய்வேன். தொண்டை கிழியக் கத்துவேன். அந்தக் கத்தலைக் கேட்டவர்கள் நிஜமாகவே அமுக்கினதாக நினைத்துக் காதைப் பொத்துவார்கள்.

பெருசோடு மட்டும் நிறுத்திக்கொள்கிறவர் இல்லை அவர். எங்கள் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு அழைத்திருந்தோம். எல்லோரும் பால்கனியைப் பார்த்து, டைல்ஸைப் பார்த்து, நல்லதாக நாலு வார்த்தை சொன்னார்கள். அவர் மாடிப்படியின் நடுவில் நின்று, "இந்தப் படியில நெருப்புப் புடிச்சா மேல இருக்கறவங்க எப்படி எறங்குவீங்க?" என்றார். ஹோமப் புகை அப்போதுதான் மாடிக்கு ஏறிக்கொண்டிருந்தது. என் மாமியார் ஓடிப்போய் எங்கள் எல்லோருக்கும் உப்பு சுற்றிப் போட்டார்.

பஸ்ஸில் ஒருமுறை அவரோடு அறந்தாங்கி வரை போனேன். கண்டக்டரிடம் டிக்கெட்டை வாங்கிக்கொண்டே, "பிரேக் புடிக்கலன்னா டிரைவர் என்ன பண்ணுவாரு தம்பி?" என்று விசாரித்தார். கண்டக்டர் என்னைப் பார்த்தார். எனக்கும் அந்த அம்மாவுக்கும் சம்பந்தமில்லை என்பதுபோல நான் ஜன்னலுக்கு வெளியே ஆர்வமாகப் பார்த்தேன். அந்த பஸ் திரும்பி வரும்போது டயர் வெடித்து நின்றது. இது என் முதல் ஆதாரம்.

இரண்டாவது ஆதாரம் ஆயுதபூஜை. பெருசுக்குச் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, கழுத்தே இல்லாததற்கு மாலையும் போட்டிருந்தோம். மெஷின்களுக்கு அன்று ஓய்வு கொடுப்பதுதானே முறை, பெருசையும் ஒரு மணி நேரம் அணைத்துவைப்போம் என்று பக்தி முற்றி ஸ்விட்சில் கைவைத்தது நான். அவர் கையைத் தட்டிவிட்டார். "பொட்டு வைங்க, மாலை போடுங்க. இதை மட்டும் அணைக்காதீங்க. இந்த வயசுல படுத்தா எந்திரிக்குமான்னு சொல்ல முடியாது." அர்ச்சகர் கையில் மணி பாதியிலேயே நின்றது. அந்த அம்மா அதோடு விட்டாரா? பொரியை வாயில் போட்டுக்கொண்டே, "சரி, இப்பவே செத்தா யாரு எங்கிட்டு ஓடுவீங்க, சொல்லுங்க பாப்போம்" என்றார். அடுத்த வாரமே பெருசின் ஹார்டு டிஸ்க் எலி மாட்டிக்கொண்டதுபோலக் கீச்சிட ஆரம்பித்தது. அவரே வந்து பிஸ்கட் டப்பாவைத் திறந்து, நகலை மாட்டி, உயிர் கொடுத்துவிட்டுப் போனார். உயிர் கொடுத்தது என் கண்ணில் படவில்லை. கீச்சிட்டதுதான் காதில் நின்றது. அன்று கட்டியதுதான் எலுமிச்சம்பழம்.

என் மனைவி அதைப் பார்த்துவிட்டாள். "ஏங்க, இதுக்கெல்லாம் ஒங்களுக்கு சம்பளம் குடுக்குறாங்களா?"

"ஒனக்குத் தெரியாது. அந்தம்மா வாயில எது வந்தாலும் நடக்குது."

"அப்ப ஒங்களுக்குப் புத்தி வரும்னு ஒரு தடவ சொல்லச் சொல்லுங்க."

அவரிடமே ஒருநாள் வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். மத்தியானம், சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். "ஏன் மேடம், நல்லா ஓடிக்கிட்டிருக்கிறதைப் பார்த்து நின்னுபோகும் நின்னுபோகும்னே சொல்றீங்க?" அவர் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னார். "எங்க வீட்டுக்காரரு நல்லா இருக்கறப்பவே கேஸ் சிலிண்டர் மாட்டக் கத்துக்கிட்டேன் சார். பேங்குக்குப் போகக் கத்துக்கிட்டேன். மோட்டார்ல ஏர் லாக் எடுக்கக் கத்துக்கிட்டேன். அவருக்குக் கோவம். 'என்ன, என்னைய அனுப்பி வைக்கவே முடிவு பண்ணிட்டியா?'ன்னாரு. அவரு போனாரு. அழுதேன். ஆனா அடுப்பு எரிஞ்சுச்சு." ஊறுகாயை என் பக்கம் நகர்த்தினார்.  

ஆனாலும் எலுமிச்சம்பழத்தை அவிழ்க்கவில்லை. மனசு உருகுவது வேறு, முன்ஜாக்கிரதை வேறு.

அந்த நாளுக்கு வருகிறேன்.

சாயங்காலம் இறால் வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் வருவதாக இருந்தது. முதலாளி காலையிலிருந்தே போனில் நச்சரித்துக்கொண்டிருந்தார். பெருசு அன்று தங்கமாக இருந்தது. பிரஷர் பன்னிரண்டு. பச்சை எழுத்து. வழக்கமாகப் பன்னிரண்டு, பன்னிரண்டரை, பதினொன்றே முக்கால் என்று துள்ளிக்கொண்டே இருக்கும். அன்று அசையவே இல்லை. ஆகா, வெளிநாட்டுக்காரர்கள் வருவது இதற்குக்கூடத் தெரிந்திருக்கிறது, எவ்வளவு அடக்கமாக உட்கார்ந்திருக்கிறது என்று நான் மெய்மறந்தேன். டீ குடித்தேன். இன்னொரு டீயும் குடித்தேன்.

அன்று பார்த்து அவர் வருகிற முறை. நான் கேட்டுக்கே போய் நின்றுகொண்டேன். பஸ் வந்து அவர் இறங்கியதும் பையை வாங்கிக்கொண்டு கையெடுத்துக் கும்பிட்டேன்.

"மேடம், இன்னிக்கு ஒரு நாள் மட்டும் அந்த வார்த்தை வேணாம். பெரிய மனுசங்க வாராங்க. ஒங்க வாயால எதுவும் சொல்லிறாதீங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். சிரித்தார். சேஃப்டி பின் ஒன்றை வளையலிலிருந்து கழற்றி உதட்டைக் குத்தி மூடுவதுபோல நடித்துக் காட்டினார். அதன் பிறகு வாயே திறக்கவில்லை. உள்ளே வந்தார். உட்காரவும் இல்லை. திருப்புளியைக்கூட எடுக்கவில்லை. பேசக்கூடாது என்று சொன்னவனுக்குப் பேசாமலேயே தண்டனை கொடுப்பவர்போல, பச்சைத் துண்டை எடுத்து உதறி, மானிட்டர் மேல் போட்டார். என்னைப் பார்த்துக் கதவுப் பக்கம் கையை நீட்டினார்.

"இன்னிக்கா மேடம்?" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டுப் போய் மணியை அடித்தார்.

ஹாலிலிருந்து பெண்கள் திட்டிக்கொண்டே கிளம்பும் சத்தம் கேட்டது. நானும் திட்டிக்கொண்டேதான் கம்ப்ரசர் அறைக்குப் போனேன். ஓடவில்லை. ஒத்திகைக்கெல்லாம் ஓடுகிற வயசா எனக்கு?

கேஜைப் பார்த்தேன். முள் சிவப்பில் நின்றது.

உடனே பதறினேன் என்று நினைக்காதீர்கள். எரிச்சல்தான் வந்தது. ஏனென்றால் முந்தைய ஒத்திகையில் அவர் சிவப்புக் காகிதத்தில் ஒரு முள் வெட்டிக் கண்ணாடி மேல் ஒட்டி, 'இப்ப இங்க நிக்கிது, என்ன செய்வீங்க?' என்று கேட்டிருந்தார். அதையே திரும்பவும் ஒட்டியிருக்கிறார் என்று நினைத்து நகத்தால் சுரண்டினேன். கண்ணாடி வழுக்கியது. இன்னொருமுறை சுரண்டினேன். காகிதம் இல்லை. நான் சுரண்டிக்கொண்டிருக்கும்போதே முள் என் நகத்துக்கு அடியில் இன்னும் கொஞ்சம் மேலே ஏறியது.

 சுவருக்கு அந்தப் பக்கம்தான் ஹால். பெண்கள் எல்லோரும் வெளியே போயாயிற்றா தெரியாது. கடைசி ஆள் போன பிறகுதான் என் மனைவி போவாள், அது தெரியும். என் கை சிவப்பு பட்டனுக்குப் போனது. விரல் அதன் மேல் உட்கார்ந்தது. வாய் தன் பாட்டுக்குத் திறந்தது.

"அமுக்கியாச்சு!"

தொண்டை கிழியக் கத்தினேன். அவ்வளவுதான். விரல் வைத்தது வைத்தபடி இருந்தது. இத்தனை மாதம் பழகிய பழக்கம். வேலை முடிந்துவிட்டது என்று உடம்பு முடிவுகட்டி நிம்மதியாக நிற்கிறது. கம்ப்ரசர் உறுமிக்கொண்டே இருக்கிறது. முள் ஏறிக்கொண்டே இருக்கிறது.

வெளியிலிருந்து அவர் குரல். அன்றைக்கு முதல்முறையாக.

"சத்தம் நிக்கலையே சார்!"

"அமுக்கியாச்சு மேடம்!" சத்தியம் பண்ணாத குறையாகக் கத்தினேன்.

"யோவ், நெசமா அமுக்குய்யா!"

உள்ளங்கையால் ஓங்கி அடித்தேன். பட்டன் உள்ளே போனது. உறுமல் இறங்கி இறங்கி நின்றது. அந்த நிசப்தத்தில் தலைக்கு மேலே, கூரைக் குழாயிலிருந்து, பிரம்மாண்டமான குக்கர் விசில் விடுவதுபோல ஒரு சீறல். பிரஷர் தாங்காமல் பாதுகாப்பு வால்வு தானாகத் திறந்துகொண்டது. மூக்கில் ஊசி ஏறியதுபோல ஒரு நெடி.

ஓடினேன். எங்கே? டீக்கடைக்கு. இத்தனை ஒத்திகைக்குப் பிறகும் என் கால் மேற்கே திரும்பியது. பாதி தூரம் போன பிறகு கடற்கரைப் பக்கமிருந்து என் மனைவியின் குரல்.

"ஏங்க! துணியைப் பாருங்க! துணியை!"

முதலில் என் பேண்ட்டைத்தான் குனிந்து பார்த்தேன். பிறகுதான் கூரை மேல் கம்பு ஞாபகம் வந்தது. கிழிந்த சேலை என் பக்கம் பார்த்துப் படபடவென்று பறந்தது. அதற்கு அடியில் வெள்ளைப் புகை, நான் ஓடுகிற திசையிலேயே, என்னைவிட நிதானமாக வந்துகொண்டிருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு சுற்றுச்சுவரை ஒட்டி வளைந்து, மணலில் போய் விழுந்தேன்.

பெண்கள் எல்லோரும் அங்கே இருந்தார்கள். கையுறையோடு, தலைத்தொப்பியோடு, ஒருத்தி கையில் பாதி உரித்த இறாலோடு. என் மனைவி எண்ணிக்கொண்டிருந்தாள். ஒருமுறை எண்ணி முடித்து, நம்பாமல், திரும்ப முதலிலிருந்து எண்ணினாள். யாரும் திட்டவில்லை. வெள்ளைப் புகை ஹாலின் கூரை மேல் படிந்து, திறந்திருந்த கதவு வழியாக உள்ளே இறங்குவதை எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் சற்றுத் தள்ளி மணலில் உட்கார்ந்து முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார். அவருக்கும் பயம் வரும் என்பதை அன்றுதான் பார்த்தேன்.

பிரஷர் இறங்கியதும் வால்வு தானாக மூடிக்கொண்டது. ஃபிட்டர் முகமூடி மாட்டிக்கொண்டு உள்ளே போய்ப் பார்த்து வந்து விஷயத்தைச் சொன்னார். தண்ணீர் பம்ப் மோட்டார் எரிந்து போயிருக்கிறது. இன்னொரு பம்ப்பைப் போட வேண்டிய பெருசு போடவில்லை. பிரஷர் ஏறினால் தானாக நிறுத்தக் கம்ப்ரசரிலேயே இருக்கிற ஸ்விட்ச், உப்புக்காற்றில் எப்போதோ ஒட்டிப் போயிருக்கிறது.

என் மனசில் ஒன்றுதான் ஓடியது. பேசாமலேயே முடித்துவிட்டாரே இந்த அம்மா.

நெடி அடங்கியதும் கண்ட்ரோல் ரூமுக்குப் போனோம். நான் வாசலிலேயே ஆரம்பித்தேன். "நான்தான் சொன்னேனே மேடம், ஒங்க வாய்..."

"நான் இன்னிக்கு வாயே தொறக்கலையே சார்."

"துண்டைப் போட்டீங்கள்ல? அதான் அதுக்கு..."

என் மனைவி என் முழங்கையை அழுத்தினாள். "முன்னாடியே தெரிஞ்சுதான் போட்டீங்களா மேடம்?" என்று அவரிடம் கேட்டாள்.

"என்னத்தத் தெரியும்? ஒண்ணும் தெரியாதும்மா. இன்னிக்கு என் முறை, போட்டேன். இவரு வாய மூடச் சொன்னாருன்னு கொஞ்சம் கோவத்துல வந்ததும் போட்டேன்."

பச்சைத் துண்டை அவர் உருவினார்.

பெருசு காலையில் இருந்த மாதிரியே இருந்தது. பிரஷர் பன்னிரண்டு. பச்சை எழுத்து. அசைவே இல்லை. அவர் கீபோர்டில் ஒரு தட்டு தட்டினார். ஒன்றும் ஆகவில்லை. பிறகு திரையின் வலது மூலையில் விரலை வைத்தார். அங்கே மணி ஓடும். அதை நான் ஒருநாளும் பார்த்ததில்லை, கையில் வாட்ச் கட்டியிருக்கிறேன்.

மணி ஒன்பது நாற்பதில் நின்றிருந்தது.

அவர் பஸ்ஸை விட்டு இறங்கியது பத்தே காலுக்கு. கேட்டில் நின்று பையை வாங்கியவன் நான்தான்.